உள்ளாட்சித் தேர்தலில் சங்கம் யார் பக்கம் நிற்பது? ஓசூர், தருமபுரி தொழிற்சங்கங்கள் முன் நான்கு வழிகள்

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும், தருமபுரி பக்கம் கட்டுமானம், தூய்மைப் பணி, ஆட்டோ சங்கங்களை நடத்துபவர்களும் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வார்டில் நிற்கும் ஒருவரைச் சங்கம் வெளிப்படையாக ஆதரிக்கலாமா? ஆதரித்தால் கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா? நம்மில் ஒருவரையே நிறுத்திவிட்டால் என்ன? அல்லது இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா?

இதைப் பேச இதுதான் நேரம். ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 2022 பிப்ரவரியில் தேர்வான மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் அறிவிப்பு வந்தபின் நிதானமாகப் பேச நாள் இருக்காது. மனுத் தாக்கல் தொடங்கிவிட்டால் அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். அந்த ஓட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேர் டீக்கடையில் எடுக்கும் முடிவே சங்கத்தின் முடிவாகிவிடுகிறது. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், அப்படி எடுக்கும் முடிவுதான் சங்கத்துக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. உறுப்பினர்கள் கூடி எடுத்த முடிவு தோற்றாலும் சங்கம் நிற்கும். மூன்று பேர் எடுத்த முடிவு ஜெயித்தாலும் சங்கத்துக்குள் விரிசல் விழும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஓட்டு எங்கே இருக்கிறது? இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கம்பெனியில் இரண்டாயிரம் பேர் உறுப்பினர்கள் என்றால் இரண்டாயிரம் ஓட்டு என்று வேட்பாளரிடம் சொல்லிவிடுகிறோம். அந்த இரண்டாயிரம் பேர் எங்கே இருக்கிறார்கள்? ஒரு பகுதி மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடியில். ஒரு பகுதி சூளகிரி, கெலமங்கலம், பாகலூர் பக்கம். வாடகை வீட்டில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு ஓட்டு இன்னும் பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ இருக்கிறது. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இங்கே ஓட்டே கிடையாது. ஓசூர் மாநகராட்சிக்கு 45 வார்டுகள். உறுப்பினர்களை வார்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு வார்டில் இருநூறு ஓட்டு, இன்னொன்றில் ஏழு ஓட்டு என்று வரும். கவுன்சிலர் தேர்தலில் இருநூறு ஓட்டு பெரிய சக்தி. ஏழு ஓட்டு வெறும் பேச்சு.

கேட்பது யார் கையில் இருக்கிறது? ஊதிய ஒப்பந்தம், ஆட்குறைப்பு, குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு, இஎஸ்ஐ மருத்துவமனையில் டாக்டர் பற்றாக்குறை இவற்றில் எதுவும் கவுன்சிலர் கையிலோ ஊராட்சித் தலைவர் கையிலோ இல்லை. அவர்கள் கையில் இருப்பது வேறு: இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும் சாலையின் விளக்கு, குடிநீர், சாக்கடை, தூய்மைப் பணி ஒப்பந்தம், சாலையோரக் கடைகளுக்கான இடம், பேருந்து நிலையக் கடைகள். சம்பளப் பிரச்சினையை மனதில் வைத்துக்கொண்டு வார்டு தேர்தலில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இங்கே தொழில் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மாத வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்கள் எல்லாரிடமும் கம்பெனியே அரையாண்டுக்கு ஒருமுறை அதைப் பிடித்துக் கட்டுகிறது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசியல் சாசன வரம்பு. அந்தப் பணம் போவது தொழிலாளி குடியிருக்கும் ஊருக்கு அல்ல, அவர் வேலை பார்க்கும் இடத்து உள்ளாட்சிக்கு. பேகேபள்ளி ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு கெலமங்கலத்தில் குடியிருப்பவர், வரியை ஒரு உள்ளாட்சிக்கும் ஓட்டை இன்னொரு உள்ளாட்சிக்கும் தருகிறார். ஆலை இருக்கும் ஊராட்சியில் சங்கத்துக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், 'எங்கள் உறுப்பினர்கள் வரி கட்டுகிறார்கள், ஆலைக்கு வரும் சாலைக்கு விளக்கு போடுங்கள்' என்று கேட்க முழு நியாயம் இருக்கிறது. நான் பார்த்தவரை இந்த வாதத்தை எடுத்துவைக்கும் சங்கங்கள் மிகக் குறைவு.

சங்கத்துக்குள் என்ன ஆகும்? ஓசூரில் ஒரே அசெம்பிளி லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் நிற்கிறார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், எல்லாச் சாதிக்காரர்களும் இருக்கிறார்கள். வார்டு தேர்தல் என்பது நம் மாவட்டங்களில் பெரும்பாலும் சாதிக் கணக்கில் நடக்கும் தேர்தல் என்பதை மறைத்துப் பயனில்லை. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதை இந்த மண் மறக்கக் கூடாது. எல்லாச் சாதித் தொழிலாளரும் சமமாக உட்கார்ந்து பேசும் இடங்கள் இங்கே சொற்பம், அதில் சங்க அலுவலகம் ஒன்று. அதை உடைக்கும் எந்த ஆதரவும், அது எத்தனை ஓட்டு வாங்கித் தந்தாலும், நமக்கு நஷ்டம்.

பணமும் சட்டமும். 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டமே சங்கங்கள் தேர்தலில் ஈடுபட வழி விட்டிருந்தது. உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளருக்குச் செலவு செய்யலாம், கூட்டம் நடத்தலாம், துண்டறிக்கை அச்சிடலாம். ஆனால் பொது நிதியிலிருந்து அல்ல, அதற்கென்று தனியாகத் திரட்டிய அரசியல் நிதியிலிருந்து மட்டும். அந்த நிதிக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்தத் தனி நிதி ஏற்பாட்டையும் கட்டாயமின்மையையும் வைத்திருக்கிறது. மாதச் சந்தாவிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்து ஒரு வேட்பாளருக்குப் பேனர் அடித்தாலும் அது தவறு. எதிர்க்கருத்துள்ள ஒரே ஒரு உறுப்பினர் புகார் கொடுத்தால் போதும்.

தோற்றால் என்ன? ஆதரித்தவர் தோற்று, எதிராளி கவுன்சிலராகிவிட்டால் அடுத்த ஐந்து வருஷம் சங்கத்தின் மனு எங்கே போய்ச் சேரும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

## வழி ஒன்று: ஒதுங்கி நிற்பது

எந்தக் கட்சிச் சங்கத்திலும் சேராமல் கம்பெனிக்குள் இயங்கும் தனிச் சங்கங்களில் நிறைய இதைத்தான் கடைப்பிடிக்கின்றன. 'உறுப்பினர் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடட்டும், சங்கத்தின் பெயர் வெளியே வரக் கூடாது.'

ஊதிய ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இது சரியான முடிவு. புதிய சட்டத் தொகுப்பின்படி ஒரு ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கம்தான் பேச்சு நடத்தும் சங்கம். அந்த 51-க்குப் பக்கத்தில் ஊசலாடும் சங்கம், வார்டு தேர்தலில் ஒரு பக்கம் சாய்ந்து நாற்பது உறுப்பினரை இழந்தால், இழப்பது கவுன்சிலர் ஆதரவை அல்ல, பேச்சு நடத்தும் உரிமையையே.

மறைந்திருக்கும் செலவும் உண்டு. சங்கம் ஒதுங்கினாலும் சங்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்குவதில்லை. நிர்வாகக் குழுவில் இருப்பவர் மாலையில் ஏதோ ஒரு கட்சித் துண்டோடு வார்டில் ஓட்டுக் கேட்கிறார். பார்ப்பவர்களுக்கு அது சங்கத்தின் ஆதரவாகவே தெரிகிறது. ஒதுங்குவது என்றால் எழுத்தில் இருக்க வேண்டும்: பொறுப்பில் இருப்பவர் பிரசாரம் செய்தால் சங்கப் பெயரையோ சீருடையையோ சங்க வாட்ஸ்அப் குழுவையோ பயன்படுத்தக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். அது இல்லாத ஒதுக்கம், சத்தமாகப் பேசும் நிர்வாகியின் கட்சிக்கு இலவசமாகக் கொடுத்த ஆதரவு.

இன்னொன்று, ஒதுங்கிய சங்கத்தை எந்தக் கட்சியும் தேடி வராது. கேட் முன் தகராறு வந்து போலீஸ் நிற்கும் நாளில் 'அண்ணா, கொஞ்சம் வாங்க' என்று கூப்பிட ஒரு ஆள் இருக்க மாட்டார்.

## வழி இரண்டு: கட்சி அல்லது கூட்டணியை ஆதரிப்பது

தமிழ்நாட்டில் இதுதான் பழக்கமான வழி. தொமுச, அண்ணா தொழிற்சங்கப் பேரவை, சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி, பிஎம்எஸ் என்று மத்திய சங்கங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சியோடோ அமைப்போடோ சேர்த்தே அறியப்படுகின்றன. அப்படி இணைந்த கிளைக்கு முடிவெடுக்கும் சிரமம் இல்லை. மேலிடம் கூட்டணியை அறிவித்ததும் கிளை வேலையைத் தொடங்கிவிடும்.

இந்த வழியைக் குறைத்துப் பேசுபவர்கள் நம் மாவட்டத்துக்குள்ளேயே நடந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பரில். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். அத்தனை ஆண்டுகள் அந்த மக்களுடன் நின்று வழக்கை நடத்தியதில் மலைவாழ் மக்கள் சங்கத்துக்கும் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு தனிச் சங்கம், தன் சந்தாவை மட்டும் நம்பி, அப்படியொரு போராட்டத்தை முதல் தீர்ப்பு வரும்வரை பத்தொன்பது வருஷம் தாங்கியிருக்க முடியாது. கட்சி என்பது வக்கீல், சட்டமன்றக் கேள்வி, பத்திரிகை, அண்டை மாவட்டத் தோழர்கள் எல்லாம் சேர்ந்த பலம். அரூரில் 2006, 2011 இரண்டு சட்டமன்றத் தேர்தல்களிலும் அந்தக் கட்சி வென்றதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆக, எதிராளி அரசாகவோ உள்ளாட்சியாகவோ இருக்கும் சங்கங்களுக்கு, அதாவது தூய்மைப் பணியாளர், போக்குவரத்துக் கழகம், மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர் போன்றவர்களுக்கு, கட்சி வழி பொருந்தும். அவர்கள் கேட்பது கோட்டையில் முடிவாகும் விஷயம். அதற்கு மாநில அளவில் பேசக்கூடிய கை வேண்டும். மாநகராட்சி மேயரும் நகராட்சித் தலைவரும் கவுன்சிலர்கள் ஓட்டில்தான் தேர்வாகிறார்கள் என்பதால் மன்றத்துக்குள் கட்சிக் கட்டுப்பாடுதான் பேசும். அங்கே தனி ஆளின் நல்லெண்ணம் அதிக தூரம் போகாது.

ஆனால் செலவு கனமானது. ஆதரித்த கட்சியே ஆளும் கட்சியாகி, அதே ஆட்சி தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தால் சங்கம் என்ன செய்யும்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள், கடைசியில் இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்த மாதிரி நாளில் ஆளும் கூட்டணியோடு கட்டுண்ட சங்கத்தின் குரல் எத்தனை தாழ்ந்துபோகும் என்று ஒவ்வொரு கிளையும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆதரவு கொடுக்கும் நாளிலேயே 'இந்தக் கோரிக்கையில் நீங்கள் எதிராகப் போனால் நாங்கள் தெருவில் இறங்குவோம்' என்று சொல்லிவைக்க முடியாத சங்கம், ஆதரவை விற்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது செலவு, கூட்டணி மாறுவது. போன தேர்தலில் எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த அதே வேட்பாளருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டுக் கேட்க வேண்டி வரும். வீடு வீடாகப் போகும் சாதாரண உறுப்பினர்தான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

மூன்றாவது, சட்டச் சிக்கல். மாநகராட்சி, நகராட்சியின் நிரந்தர ஊழியர்கள் நடத்தை விதிகளின்படி பிரசாரம் செய்ய முடியாது. சங்கத்தின் உற்சாகத்தில் அவர்களை மேடையேற்றினால் நோட்டீஸ் அவர்கள் பெயருக்குத்தான் வரும்.

## வழி மூன்று: ஆளைப் பார்த்து, கோரிக்கையை எழுதி வாங்கி ஆதரிப்பது

இதுதான் இங்கே பெரும்பாலான சங்கங்களுக்கு நான் சொல்லும் வழி. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அமெரிக்காவில் ஊர், மாவட்ட அளவில் பல சங்கங்கள் சேர்ந்து நடத்தும் தொழிலாளர் கவுன்சில்கள் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கின்றன. நகர மன்றத்துக்கு நிற்பவர், பள்ளி வாரியத்துக்கு நிற்பவர் எல்லாருக்கும் கேள்வித்தாள் போகும். பிறகு நேர்காணல். அப்புறம் பிரதிநிதிகள் ஓட்டெடுப்பு. பல கவுன்சில்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால்தான் ஆதரவு அறிவிக்கப்படும். யாருக்கும் அந்த அளவு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதவிக்கு ஆதரவு இல்லை, அவ்வளவுதான். அங்கே இருக்கும் இரண்டு கட்சி அரசியலை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மூன்றில் இரண்டு என்ற விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். சங்கத்துக்குள் பிளவு வரும் என்ற பயத்துக்கு அதைவிட நல்ல பூட்டு கிடையாது. நூறு பேரில் 55 பேர் ஒருவரை விரும்பினால் மீதி 45 பேரை இழக்கும் ஆதரவு நமக்குத் தேவையில்லை.

கேள்விகள் கவுன்சிலர் கையில் உள்ளவையாக மட்டும் இருக்க வேண்டும். ஓசூருக்கு என்றால் இப்படிக் கேட்கலாம்:

- சிப்காட் பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்புகளுக்குப் போகும் எந்தெந்தத் தெருவில் விளக்கு இல்லை என்று பட்டியல் தருகிறோம். பதவியேற்று எத்தனை மாதத்தில் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்கள்?
- தூய்மைப் பணி ஒப்பந்தக்காரருக்குப் பில் போடும் முன், தொழிலாளிக்கு அறிவித்த கூலியும் பிஎஃப், இஎஸ்ஐ தொகையும் போய்ச் சேர்ந்த ரசீதைப் பார்க்க வேண்டும் என்று மன்றத்தில் வலியுறுத்துவீர்களா?
- 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவின் கூட்டம் ஒழுங்காக நடக்கக் குரல் கொடுப்பீர்களா?
- உங்கள் வார்டின் பகுதி சபையை, அதாவது வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தை, ஷிப்ட் தொழிலாளர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டுவீர்களா?

பதிலைக் கையெழுத்தோடு வாங்கி, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அச்சிட்டு, எல்லா வேட்பாளர் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆதரவு யாருக்கும் அறிவிக்காவிட்டாலும் இந்த ஒரு தாளே வேலை செய்யும். ஜெயித்தவர் யாராக இருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்ட தாள் சங்கத்திடம் இருக்கிறது. தோற்றால் என்ன என்ற கேள்விக்கு இந்த வழியில்தான் நல்ல பதில் கிடைக்கிறது.

மறைந்திருக்கும் செலவு உழைப்பு. கேள்வித்தாள் தயாரிப்பது சுலபம். ஜெயித்தவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட் மீட்டிங்கில் சொல்வதுதான் கஷ்டம். அதைச் செய்ய ஆள் இல்லாத சங்கம் இந்த வழியில் இறங்கினால், ஒரு தேர்தலில் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு அடுத்த தேர்தலில் இருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. 'ஆளைப் பார்த்து' என்பது 'நம்ம ஆளைப் பார்த்து' என்று சறுக்கிவிடும். நேர்காணல் குழுவில் எல்லாச் சாதியும், பெண்களும், காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் இல்லை என்றால் குழுவே வைக்காமல் இருப்பது மேல்.

கிராம ஊராட்சிகளுக்கு இது இயல்பாகவே பொருந்தும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் இல்லை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குத்தான் கட்சிச் சின்னம். ஒரே நாளில் ஒரே பூத்தில் தலைவருக்கு ஆளைப் பார்த்தும் ஒன்றியத்துக்குக் கட்சியைப் பார்த்தும் சங்கம் முடிவெடுக்கலாம், முரண்பாடு எதுவும் இல்லை.

## வழி நான்கு: நம்மில் ஒருவரையே நிறுத்துவது

இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, அதற்கு வரலாறும் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் சக்கரைச் செட்டியார் 1941-இல் சென்னை மேயராக இருந்தார். பம்பாயில் 1982 ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்தை நடத்திய தத்தா சாமந்த், 1984 நாடாளுமன்றத் தேர்தலில், நாடெங்கும் காங்கிரஸ் அலை அடித்த நேரத்தில், சுயேச்சையாக நின்று வென்றார். ஆனால் அந்த வெற்றி ஆலைத் தொழிலாளர்களுக்கு வேலையைத் திருப்பித் தரவில்லை. ஓட்டுப் பலமும் பேரம் பேசும் பலமும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றாகத் தானாக மாறிவிடாது.

நம் பக்கம் இந்த வழிக்கு இடம் இருப்பது ஊராட்சி வார்டிலும் பேரூராட்சி வார்டிலும்தான். செலவு தாங்கும் அளவில் இருக்கிறது. 2019 தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாயும் தலைவருக்கு 34,000 ரூபாயும் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்டுமானச் சங்கத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் நல வாரிய மனு எழுதி, அலுவலகம் ஏறி இறங்கிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். ஊரில் அவர்களை எல்லாருக்கும் தெரியும். கணவர் பெயரைப் போட்டு ஓட்டுக் கேட்கும் வேட்பாளர்களுக்கு நடுவே அவர்கள் தங்கள் வேலையைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியும். இப்படிப்பட்ட ஒரு உறுப்பினர் சங்கத்தில் இருந்தால் நான் தயங்காமல் நிறுத்தச் சொல்வேன்.

மாநகராட்சி வார்டில் இது பெரும்பாலும் வேண்டாம். அங்கே பணமும் பூத் கமிட்டியும் கட்சிகளிடம் இருக்கிறது. நல்ல நிர்வாகி ஒருவர் தோற்றால் கம்பெனிக்குள்ளும் அவர் மதிப்புக் குறைகிறது. ஜெயித்தாலோ சங்கம் ஒரு செயலாளரை இழந்து ஒரு கவுன்சிலரைப் பெறுகிறது. வார்டில் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டியவர், சங்கத் தகராறில் ஒரு பக்கம் நிற்கத் தயங்குவார். நிற்பதற்கு முன்பே சங்கப் பொறுப்பை விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

இன்னொரு எச்சரிக்கை: உள்ளாட்சியிடம் சம்பளம் வாங்கும் பணியில் இருப்பவர் அதே உள்ளாட்சியில் போட்டியிடத் தகுதி இழக்கலாம். மனுத் தாக்கலுக்கு முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மனு தள்ளுபடியானபின் மாற்று வேட்பாளர் தேட நேரம் கிடையாது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | ஒதுங்குவது | கட்சி ஆதரவு | ஆள் பார்த்து ஆதரவு | சொந்த வேட்பாளர் |
|---|---|---|---|---|
| எப்போது பலன் | ஊதியப் பேச்சு நடக்கும்போது | எதிராளி அரசு என்றால் | ஓட்டு சில வார்டுகளில் குவிந்திருந்தால் | ஊராட்சி, பேரூராட்சி வார்டில் |
| உட்பிளவு ஆபத்து | குறைவு | அதிகம் | மூன்றில் இரண்டு விதி இருந்தால் குறைவு | நடுத்தரம் |
| செலவு | பணம் இல்லை, அவசரத்துக்குக் கூப்பிட ஆளும் இல்லை | பணம், சுதந்திரம் | உழைப்பு | பணம், ஒரு நல்ல நிர்வாகி |
| தோற்றால் | பாதிப்பு இல்லை | ஐந்து வருஷம் கதவு மூடும் | கையெழுத்துத் தாள் மிஞ்சும் | நிர்வாகியின் மதிப்பு குறையும் |

## யாருக்கு எது

பெரிய ஆலையின் தனிச் சங்கம், உறுப்பினர்கள் பல ஊரில் சிதறியிருக்கிறார்கள், ஒப்பந்தப் பேச்சு ஓடுகிறது என்றால் ஒதுங்குங்கள், ஆனால் எழுத்துப்பூர்வமாக. ஒப்பந்தம் முடிந்து அமைதியான காலம் என்றால், உறுப்பினர் அதிகமுள்ள நான்கைந்து வார்டில் மட்டும் மூன்றாவது வழியை முயலுங்கள். 45 வார்டிலும் வேண்டாம்.

தூய்மைப் பணியாளர் சங்கத்துக்கு இரண்டும் மூன்றும் கலந்ததுதான் பொருந்தும். மேலே கட்சி உறவு இருக்கட்டும். கீழே வார்டில், எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும் ஒப்பந்தக்காரர் பில் பற்றிய கேள்விக்குக் கையெழுத்துப் போட்டவருக்கே ஆதரவு என்று நிற்கலாம். மேலிடம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் துடைப்பம் எடுப்பவர் மேலிடத்தில் இருப்பவர் அல்ல.

ஆட்டோ சங்கத்துக்கும் சாலையோர வியாபாரிகள் சங்கத்துக்கும் மூன்றாவது வழி மட்டுமே. அவர்கள் பிழைப்பு ஒரு தெருவில், ஒரு நிறுத்தத்தில் இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஸ்டாண்டும் கடையும் இடம் மாறும் நிலையைக் கட்சிக்கொடி தடுக்காது, சில சமயம் அதற்குக் காரணமே அந்தக் கொடிதான்.

தருமபுரி கிராமங்களில் விவசாய, கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் நான்காவது வழியைத் துணிந்து பார்க்கலாம். தேர்தல் இல்லாத காலத்திலும் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மே 1 கிராம சபை நாள். அன்று சங்கத்தார் எல்லாரும் கொடியேற்றவும் ஊர்வலத்துக்கும் போய்விடுகிறோம். ஊரில் கிராம சபை நாம் இல்லாமலே தீர்மானம் போட்டு முடிந்துவிடுகிறது. காலையில் கொடியேற்றிவிட்டு, சங்கக் கோரிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு முப்பது பேர் கிராம சபையில் போய் உட்கார்ந்தால், நாளைக்கு யார் தலைவராக நிற்கப்போகிறாரோ அவர் அன்றைக்கே சங்கத்தைக் கணக்கில் எடுப்பார்.

எந்த வழியாக இருந்தாலும் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உறுப்பினர் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் சேருங்கள்: ஓட்டு எந்த ஊரில், எந்த வார்டில். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பலர் பெயர் விடுபட்டிருக்கலாம் என்பதால் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6. வீடு மாறி ஓசூரிலேயே நிலைத்துவிட்டவர் ஓட்டையும் இங்கே மாற்றிக்கொள்ள நினைத்தால் படிவம் 8. சொந்த ஊரில்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்று நினைப்பவரை வற்புறுத்த வேண்டாம். இரண்டு ஷிப்டுக்கும் ஒரு ஆள் வீதம் கேட்டில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் இந்தக் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.